ஜிப்பு மாஸ்டரின் ஒரு மணி நேர மழை

நான் ஒரு முட்டாள் என்பதற்கு என் பேண்ட்டின் வலது கால் சாட்சி. இடது கால் சாட்சி சொல்ல வராது. அதைக் காரியாபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே பஸ்ஸில் தொலைத்துவிட்டேன்.

போனில் பார்த்து வாங்கிய பேண்ட் அது. மலையேறுகிறவர்களுக்கானது என்று போட்டிருந்தான். முழங்காலைச் சுற்றி ஜிப்பு. வேண்டாமென்றால் இரண்டு காலையும் கழற்றிவிடலாம், டவுசர் ஆகிவிடும். கழற்றிய காலைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு முனையைக் கட்டிப் பையாகவும் தூக்கிக்கொள்ளலாம். படத்தில் ஒருத்தன் பனிமலை உச்சியில் அதைப் போட்டுக்கொண்டு தூரத்தைப் பார்த்து நின்றான். நான் அதுவரை ஏறிய ஆக உயர்ந்த இடம் நான் வேலை பார்க்கும் நூல் கடையின் மாடிக் குடோன். ஆனாலும் வாங்கினேன். மலை இல்லாவிட்டால் என்ன, முழங்கால் இருக்கிறதே.

முதல் பயணம் மதுரைக்கு. திரும்பும்போது வெயில் தாங்காமல் இரண்டு காலையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். இறங்கும்போது மடியில் ஒரு கால்தான் இருந்தது. அதை மட்டும் மாட்டிக்கொண்டு வீடு வரை நடந்தேன். அதையும் மாட்டாமல் டவுசரோடு கௌரவமாக நடந்திருக்கலாம் என்பது தெருவே வேடிக்கை பார்த்து முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அந்த ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் ஜிப்பு மாஸ்டரிடம் சிக்கினேன்.

அருப்புக்கோட்டையில் ஜிப்பு மாஸ்டர் கை படாத பையும் இல்லை, பேண்ட்டும் இல்லை. இங்கிருந்து திருச்சுழி வரைக்கும் உள்ள ஆண்களின் மானம் மொத்தமும் அவர் காதில் செருகியிருந்த மெழுகுதிரித் துண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. எந்த ஜிப்பு மக்கர் செய்தாலும் அந்தத் துண்டை எடுத்து மேலே ஒரு தேய், கீழே ஒரு தேய், வழிக்கு வந்துவிடும். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவியிடம் ஒரு தடவை கேட்டேன். "ஆதார் கார்டப் பாத்துத்தான் தம்பி சொல்லணும்" என்றார் அக்கா.

அவர்களுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். மாஸ்டரைத் திட்டும்போது மட்டும், வந்தவர்களுக்குப் புரியக்கூடாதென்று, அக்கா கடையிலும் தெலுங்குக்கு மாறிக்கொள்வார். வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்களைப் போலவே தெலுங்கு பேசும் அதே நெசவாளர் தெருக்காரர்கள். மறுநாள் தெரு முழுக்க அந்தத் திட்டு மனப்பாடமாகியிருக்கும்.

மாஸ்டர் என் பேண்ட்டின் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"காலு தனியா வந்திருக்கு. ஆளு எங்க?"

"நான்தான் மாஸ்டர் ஆளு. இன்னொரு காலு தொலைஞ்சு போச்சு. ஒண்ணு தச்சுக் குடுங்க."

"கழட்டுனா இது என்ன வேல பாக்கும்?"

"பையாகும். தலகாணியாகும்."

"குடையாகுமா?"

"ஆகாது."

"அப்பறம் என்னத்துக்குக் கழட்டுறான்?"

ஒரு துணி ஒரு வேலைதான் பார்க்கும் என்றால் மாஸ்டருக்கு அதைக் கண்டால் ஆகாது. சோம்பேறி மருமகனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். எனக்குப் புது இடது கால் டீக்கடைப் படுதாத் துணியில், நீல நிறத்தில், நான்கு பைகளோடு வந்தது. ஒன்று தண்ணீர் பாட்டிலுக்கு. ஒன்று டார்ச்சுக்கு. மற்ற இரண்டும் எதற்கு என்று கேட்டதற்கு, "வாழ்க்கைல என்ன வருமின்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நான் லேசாக இடது பக்கம் சாய்ந்து நடப்பதாக வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அதன் பிறகு அவரோடு பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சட்டையோடு வந்தவர் பனியனோடு திரும்பினார். சட்டையின் கீழ் ஓரத்தில் ஜிப்பைப் பூட்டி, கைகளை முடிச்சுப் போட்டால் அது பை. உள்ளே பதினெட்டுத் தாம்பூலத் தேங்காய். "வெறுங்கையோட வந்தவுக அம்புட்டுப் பேருக்கும் நான்தானே பை" என்று அதை என் தோளில் மாட்டிவிட்டார்.

பஸ் வரத் தாமதம். மாஸ்டர் தன் கைலியின் அடியில் ஒரு ஜிப்பையும் பக்கவாட்டில் ஒரு ஜிப்பையும் இழுத்து, கழுத்துவரை மூடிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையிலேயே தூங்கிவிட்டார். அது அவர் கண்டுபிடித்த பயணப் படுக்கை. பஸ் வந்தது, ஜிப்பு வரவில்லை. மெழுகுதிரி காதில், கைகள் கைலிக்குள். என் இரண்டு கையும் தோளிலிருந்த தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் சாக்கு ஓட்டப் பந்தயத்தில் குதிப்பதுபோலக் குதித்துக்கொண்டே பஸ்ஸுக்கு வந்தார். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவரே, இது ஆளுக்கு டிக்கெட்டா, லக்கேஜுக்கா?"

"பாதி பாதி போடுப்பா" என்றார் மாஸ்டர்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு நாள் வெளிநாட்டுக் கோட்டு ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வீரசோழன் ஊர்க்காரரான வீரசோழன் பாய். பல வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, மதுரையில் பயணச் சாமான் கடை போட்டிருப்பவர். கோட்டின் ஜிப்பு சிக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டு தேய் தேய்த்துவிட்டுக் கேட்டார்:

"இது என்ன வேல பாக்கும் பாய்?"

"மழைல நனையாது மாஸ்டர்."

"வேற?"

"வேற என்ன? அம்புட்டுத்தான்."

மாஸ்டர் பாயைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நாற்பது நாள் கழித்து அவருடைய சொந்தக் கோட்டு தயாரானது. லாரித் தார்ப்பாயும் குடைத் துணியும் கலந்து தைத்தது. பதினேழு ஜிப்பு. தையல் ஓட்டைகளை சைக்கிள் பஞ்சர் கடைப் பசை போட்டு அடைத்திருந்தார். ஒரு பக்கம் இழுத்தால் முதுகுப்பை, இன்னொரு பக்கம் இழுத்தால் படுக்கிற பாய், முழுசாகப் பிரித்தால் கூடாரம். ஆள் இல்லாத நேரத்தில் பைக்குக்கு உறை. வீரசோழன் பாய் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் நெச மழைல இதப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு நிக்கணும் மாஸ்டர். உள்ள ஒரு சொட்டு எறங்கப்படாது. தீபாவளிக்குள்ள சொல்லுங்க, அம்பது உருப்படி எடுத்துக்கிறேன். நான் வந்து பாக்க வேண்டியதில்ல. ஒங்க வாய்ச்சொல்லு போதும்."

பாய் போனதும் அக்கா தன் பங்குக்குச் சொன்னார். தெலுங்கில் இல்லை, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழில்.

"தீபாவளிக்குள்ள ஆர்டர் வந்தா இங்க இருப்போம். வரலைன்னா கடையப் பூட்டிட்டுத் திருப்பூரு. என் தம்பி கம்பெனில சொல்லி வச்சிருக்கான். நாள் பூரா பேண்ட்டுக்கு முன்பக்க ஜிப்பு வைக்கணும்."

"முன்பக்கம் மட்டுமா?" என்றார் மாஸ்டர்.

"முன்பக்கம் மட்டும்."

அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் மழைக்கோட்டு தைப்பது சுலபம். மழைதான் கிடைக்காது. மேகம் வரும், திருச்சுழியை எட்டிப் பார்க்கும், வழி தவறி வந்துவிட்டதுபோலத் திரும்பிப் போய்விடும். மாஸ்டருக்குப் பொறுமை இல்லை. தண்ணீர் லாரி வந்த அன்று அதன் குழாயடியில் கோட்டைச் சோதிப்பதென்று முடிவெடுத்தார். அவர் வெளியே நின்று எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே உள்ளே நிற்க ஓர் ஆள் தேவை. பருமனாகவும் இருக்க வேண்டும், சொன்னால் கேட்கிற முட்டாளாகவும் இருக்க வேண்டும். இரண்டு தகுதியும் ஒருசேர எனக்குத்தான் இருந்தது.

குழாயடியில் போய் நின்ற அரை நிமிடத்தில் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, நாலு நாளா குடிக்கத் தண்ணியில்லாம நிக்கிறோம். ஒனக்குக் கோட்டு மாட்டிக் குளியலா?"

குரலுக்குப் பின்னாலேயே ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் குடமும் வந்து என் நெற்றியில் பட்டது. மாஸ்டர் ஓடிவந்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு இல்லை. கோட்டோடு சேர்த்துத் தைத்திருந்த தொப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த எடத்துல இன்னொரு மடிப்பு குடுக்கணும்" என்றார்.

போனில் பாயும் கையை விரித்துவிட்டார். "லாரித் தண்ணி கணக்குல வராது மாஸ்டர். மழை சாஞ்சு வரும், கீழ இருந்து தெறிக்கும். நெச மழையே வேணும்."

ஆக, மழைக்குக் காத்திருந்தோம். காத்திருந்தோம் என்றால், நான் கோட்டுக்குள் காத்திருந்தேன். மழை எப்போது வரும் என்று தெரியாதாகையால் பகல் முழுக்க அதைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. நூல் கடை முதலாளி, "என்னப்பா, காய்ச்சலா?" என்றார். "இல்ல மொதலாளி, டெஸ்டு" என்றேன். கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை, உள்ளே அடைமழை. மாஸ்டர் சாயங்காலமானால் வந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துக் கோபித்துக்கொள்வார்: "வேர்க்காத தம்பி, டெஸ்டு கெட்டுப் போகும்."

இதற்குள் விஷயம் ஊருக்கு வெளியே பரவிவிட்டது. திருச்சுழிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் பை தைக்கக் கொடுத்திருந்தார். அதை வாங்க வந்தவர் என்னையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், நாங்க பருத்திய ஊண்டிட்டு வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம். நீங்க இப்பிடி ஒரு கோட்டத் தச்சு ஆளு மேல மாட்டி வச்சிருக்கீக. இதப் பாத்தா எந்த மேகம் கிட்ட வரும்? பிரிச்சுருங்க."

"பிரிக்க முடியாதுண்ணே. இது என் பொழப்பு."

"என் பொழப்பு மண்ணுக்குள்ள கெடக்கு மாஸ்டர்."

பிறகு மாஸ்டர் எழுந்து வந்து, என் நெஞ்சுப் பக்கத்துப் பையின் ஜிப்பை மட்டும் திறந்துவிட்டார்.

"மழைக்கு ஒரு வாசல் விட்டிருக்கேன். போதுமாண்ணே?"

சம்சாரி அந்தத் திறந்த பையை உற்றுப் பார்த்து, யோசித்து, தலையாட்டினார். "அது போதும்."

சிரித்தவன் நான் ஒருவன்தான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்தது. அக்கா வீட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, பஸ் ஏற்ற வசதியாகக் கடையில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்திருந்தார். தையல் மிஷினுக்கு என்ன உறை போடுவது என்ற பேச்சு வந்தபோது, மாஸ்டர் முதல் தடவையாக ஒரு யோசனையும் சொல்லாமல் இருந்தார். அவர் திருப்பூர் போய்விட்டால் என் இடது காலை யார் பார்ப்பார்கள் என்று எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது மத்தியானம் மூன்று மணி. கடை வாசலில் நின்ற என் தொப்பியில் 'டப்' என்று ஒன்று விழுந்தது. பக்கத்துத் தகரக் கூரையில் பத்து விழுந்தது. பிறகு எண்ண முடியவில்லை.

மாஸ்டர் என் முதுகில் கை வைத்துத் தெருவுக்குத் தள்ளினார். பண்டிகைக்குச் சாமான் வாங்க வந்திருந்த சம்சாரி நடுரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் என் திறந்த பையின் ஜிப்பில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, வாசலப் பூட்டிக்கிறவா?"

"இனிமே பூட்டிக்கங்க!"

பூட்டினார். கோட்டு தேறியது, வீரசோழன் பாய் ஐம்பது உருப்படியும் எடுத்துக்கொண்டார், அக்கா சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினார் என்பதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு மறக்காமல் இருப்பது அந்த முதல் பத்து நிமிடம்தான்.

எங்கள் ஊரில் மழை வந்தால் யாரும் ஒதுங்க மாட்டார்கள். டீ மாஸ்டர் கிளாஸைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். அக்கா கட்டி வைத்த சாக்கிலிருந்தே அண்டாவை உருவி வாசலில் வைத்தார். கோட்டின் மேல் விழுந்த மழை ஒழுங்காக வடிந்து, என் இரண்டு முழங்கையிலிருந்தும் குழாய்போலக் கொட்டியது. அன்றைக்கு என்னைக் குடத்தால் அடித்த அம்மாள் அதே ரோஸ் குடத்தை என் முழங்கைக்கு அடியில் வைத்துவிட்டு, "ஆடாம நில்லுப்பா" என்றார்.

"பாத்தியா தம்பி, இன்னொரு வேல!" என்று மாஸ்டர் கூவினார். கோட்டுக்குப் பதினேழு ஜிப்பு வைத்த மனுஷன் தன் தலைக்கு ஒரு பாலிதீன் பைகூட வைத்துக்கொள்ளவில்லை. என் காலருக்குள் கையை விட்டார், ஈரம். முகம் செத்துவிட்டது. பிறகுதான் ஈரம் தன் கையில் இருப்பது அவருக்குப் புரிந்தது. கையைத் துடைக்கக் காய்ந்த துணி தேடினார். தெருவிலேயே காய்ந்த பொருள் நான் ஒருவன்தான். என் சட்டைக் காலரிலேயே கையைத் துடைத்துவிட்டு, மறுபடி அக்குள் வரை தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

தெரு முழுக்க நனைந்துகொண்டிருந்தது. நூல் கடை முதலாளிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். எத்தனையோ மாதம் கழித்து வந்த மழைக்குள் நான் மட்டும் அப்பளம்போலக் காய்ந்துபோய் நின்றேன். பொறுக்க முடியவில்லை. கழுத்து ஜிப்பை இழுத்தேன். இறங்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சிக்கிக்கொண்டது.

"மாஸ்டர், நானும் நனையணும் மாஸ்டர். ஜிப்பு மாட்டிக்கிருச்சு. மெழுகுதிரியத் தேச்சு விடுங்க."

மாஸ்டர் காதிலிருந்து மெழுகுதிரித் துண்டை எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பவும் காதிலேயே செருகிக்கொண்டு, கைக்கடிகாரத்தின் மேலிருந்த தண்ணீரைக் கட்டை விரலால் வழித்துவிட்டுச் சொன்னார்:

"இன்னும் அம்பது நிமிசம் இருக்கு."