பெரியப்பாவிடம் நிலுவையில் இருக்கும் என் வேலை

மரியாதைக்குரிய அத்தைக்கு, உங்கள் கடைசித் தம்பியின் மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதம் கிடைத்ததும் நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். பெரியப்பா இந்த உலகத்தில் பயப்படும் ஒரே ஆள் அவருடைய அக்காவாகிய நீங்கள்தான் என்று அப்பா சொல்வார். போனில் பேசினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கே கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. ஒரு அக்கா நடத்துகிறார். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் வரும்; பழைய செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். பேசினால் சுற்று தப்பிவிடும் என்பதால் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கென்றே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த வேலை போல இருந்தது. ஒன்றாம் தேதிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் அந்த அக்கா சொல்லிவிட்டார். அப்பாவைக் கேட்டால், "நீ இருக்கிறது பெரியப்பா வீட்டுல. அவர் சரின்னா சரி" என்கிறார். பள்ளிக்கூடத்தைத்தான் பாதியில் விட்டேன் அத்தை, இதையும் விட எனக்கு மனசில்லை.

பெரியப்பா பழையபடி சட்டமன்ற உறுப்பினராக இருந்திருந்தால் கஷ்டமே இல்லை. அப்போதெல்லாம் யார் வந்து எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் "ஆயிரும், நீங்க போங்க" என்பார். சாக்கடை ஆயிரும், பாலம் ஆயிரும், கோபித்துக்கொண்டு போன மருமகன் திரும்பி வருவதும் ஆயிரும். வக்கீலாகத் தொடங்கி, தேர்தலில் நின்று, இப்போது உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆன பிறகு, எதையும் ஆகும் என்றும் சொல்வதில்லை, ஆகாது என்றும் சொல்வதில்லை. தொகுதிக்காரர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைப் போகச் சொல்வது என் வேலை. யாரையும் போகச் சொல்ல எனக்கு வராது என்பதால் நாற்காலி கொண்டுவந்து போடுகிறேன். போன வாரம் தெருவிளக்குக்காக வந்த பெரியவர் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் வீட்ல இல்லன்னு சொல்லும்மா" என்றார். "அது பொய்யாச்சே பெரியப்பா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஆமாம். அப்ப ஒண்ணும் சொல்லாதே" என்றார். அதைத்தான் நான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தேன்.

நீதிமன்றத்தில் முதல் வாரம் நடந்ததை ஓட்டுநர் அண்ணன் சொன்னார். பெரியப்பா சட்டமன்றத்தில் எப்போதும் எதிர்க்கட்சி, அங்கே அவருடைய முக்கியமான வேலை வெளிநடப்பு என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஏதோ மதில் சுவர் தகராறில் இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் கத்தியிருக்கிறார்கள். பெரியப்பா மேசையை ஓங்கித் தட்டிவிட்டு எழுந்து வெளியே நடந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். டீ நேரம் என்று நினைத்து டவாலிக்காரர் பின்னாலேயே ஓடினார். பெரியப்பா வாசல் படிக்கு வந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்திருக்கிறார்.

"என்னப்பா, பத்திரிகைக்காரங்க யாரும் வரலையா?"

"அய்யா, நீங்க உள்ள போங்க. நீங்க வந்து உக்காந்தாத்தான் அங்க எல்லாரும் உக்கார முடியும்."

இதைக் கேட்டதும் பெரியப்பா அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாராம். சட்டமன்றத்தில் அவர் வெளியே வந்த பிறகும் உள்ளே எல்லாம் நடந்துகொண்டுதானே இருக்கும். தான் இல்லாமல் நடக்காத ஒரு இடத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து எதையும் அவசரமாக முடிப்பதே இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

என் விஷயம் சாப்பாட்டு மேசையில் விசாரணைக்கு வந்தது. எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும் என்று பெரியம்மாவை எதிர்த் தரப்பு ஆக்கினார்.

"இவ போயிட்டா வாசல யாரு பாக்கிறது? கரண்டு வேலை வேற. அந்தப் பட்டறையில ஒரு ஜன்னல் கூட கிடையாதுங்க" என்று பெரியம்மா ஆரம்பித்தார்.

"இதுக்கு நீ என்னம்மா சொல்ற?"

நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன்.

"மனுதாரர் மௌனம். அடுத்த வாரம் பாக்கலாம்."

"என்னங்க, நான் இன்னும் முடிக்கவே இல்லையே!"

"அடுத்த வாரம் முடி."

அடுத்த வாரமும் பெரியம்மா முடிக்கவில்லை. ஒன்றாம் தேதி நெருங்கிவிட்டது. நீங்கள் வந்து உங்கள் தம்பியை ஒரு அதட்டு அதட்டினால்தான் ஒரு முடிவு பிறக்கும். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சின்னவனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புக்கு என்றும் பாத்திரமான,
தம்பி மகள்

பின்குறிப்பு: கடைக்காரரிடம் தபால்தலை கேட்கக் கூச்சமாக இருந்ததால் இந்தக் கடிதம் இத்தனை நாள் என்னிடமே இருந்துவிட்டது. இதற்கிடையில், வர முடியாது என்று சொல்வதற்காக ஒன்றாம் தேதி பட்டறைக்குப் போனேன். அந்த அக்கா, "வந்துட்டியா, உக்காரு" என்று கம்பியைக் கையில் கொடுத்துவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வரை சுற்றினேன். மறுநாளும் சொல்லத்தான் போனேன். இப்போது நான் தனியாகக் கட்டிய மேசை விசிறி ஒன்று நன்றாகவே ஓடுகிறது. பெரியம்மா காலையில் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, ராத்திரி மேசையில் வழக்கம்போல என்னை எதிர்த்து வாதாடுகிறார். ஏன் என்று மெதுவாகக் கேட்டேன். "கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுஷன் என் பேச்சை உக்காந்து கேக்கிறது இப்பதான்டி. கெடுத்துடாத" என்றார். நேற்று பெரியப்பா என் விரலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா அது?" என்றார். "கம்பி கீறினது பெரியப்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "எதிர்த் தரப்பு தொடரலாம்" என்றார். ஆகவே அத்தை, உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து வந்துவிடாதீர்கள். நீங்கள் வந்தால் அவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.