புழுவுக்கு ஷாஃப்ட் தோண்டினவன்

எங்கள் ஊர்க்காரனிடம் யாரும் 'குழி தோண்டு' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எவ்வளவு ஆழம் என்று சொன்னாலும் காதில் விழாது. எனக்கு விழவில்லை.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் வந்ததில் எனக்கு வெறுத்துவிட்டது. மைன்ஸில் ரிட்டயர் ஆன மாமனாருக்குப் பேத்தமங்களாவில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே மட்டையும் ஓலையும் மலையாகக் கிடந்தன. மண்புழு விட்டு அதையெல்லாம் எருவாக்கி, அதையே தொழிலாக்கிக்கொண்டு வேலையை விட்டுவிடத் திட்டம் போட்டேன்.

"மொதல்ல ஒரு தபா எரு பண்ணி காட்டுங்க மாப்ளே. அப்புறம் வேலைய வுடுங்க" என்றார் மாமனார். (ராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே என் சட்டைப் பையில் இருந்தது அவருக்குத் தெரியாது.)

மண்புழு எருவுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் கன்னடத்தில் தெளிவாகத்தான் சொன்னார்: "ஒந்தூவரெ அடி சாக்கு சார், ஆள பேடா." ஒன்றரை அடி போதுமாம், ஆழம் வேண்டாமாம். ஒன்றரை அடியா! அது குழியா, கோழி கிளறினதா? மூன்று தலைமுறையாகச் சுரங்க ஷாஃப்ட் வழியாகப் பூமிக்குள் இறங்கின வம்சம் ஐயா நாங்கள். எட்டு அடி தோண்டினேன். ஓலையைச் சாணத்தோடு சில வாரம் மட்க வைத்து, சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டுமாம். அத்தனை நாள் யார் காத்திருப்பது? சனிக்கிழமை காலையில் ஓலையையும் பச்சைச் சாணத்தையும் விளிம்பு வரை கொட்டி, மத்தியானமே புழுவையும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மாமனாரையும் என் மனைவி ஸ்டெல்லாவையும் பெருமையாகக் கூட்டிப்போனேன். தூறிக்கொண்டிருந்தது. குழியிலிருந்து குபுகுபுவென்று ஆவி. பக்கத்து மோட்டார் கொட்டகைச் சுவரில், பாயில், வாளியில், எங்கே பார்த்தாலும் புழு.

"ஐயோ, இன்னாங்க இது!" பிரியாணி கேரியரை அணைத்துக்கொண்டு அலறினாள் ஸ்டெல்லா.

மாமனார் குழிக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டார். "இன்னா மாப்ளே, புழுவுக்கு ஷாஃப்ட் எறக்கி வெச்சிருக்கீங்க? எங்களுக்காவது ஏறி எறங்க கேஜ்னு ஒரு லிஃப்ட் இருந்துச்சி. பாவம், இதுங்க நடந்தே ஏறி வந்திருக்குது!"

அவமானத்தில் வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினேன். கடிதம் அவர் காலடியில் விழுந்தது. எடுத்துப் பிரித்து, நிதானமாக முழுவதும் படித்தார். பிறகு அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மறுபடியும் ரயிலில் நின்றேன். இன்றைக்கும் ஆபீஸைப் பற்றிப் புலம்பிக்கொண்டு, "பேசாம ரிசைன் பண்ணிடப் போறேன்" என்று நான் ஆரம்பித்தால், ஸ்டெல்லா தலையைக்கூடத் தூக்குவதில்லை.

"பண்ணுங்களேன். உங்ககிட்ட வேலைக்கு சேந்த புழுவே ஒரே நாள்ல பண்ணிச்சி."