பாதுகாப்பு எழுபது, வளர்ச்சி முப்பது

சோப்பு ஆலைத் தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணத்தை எதில் போடுவது என்று மூன்று நாளில் மூன்று யோசனை சொல்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் பேக்கிங் சூப்பர்வைசர். நிதிக் குழுவுக்கு அவளைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்த அன்று அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். வராதவர் தலையில் கட்டுவதுதான் அந்த ஆலையின் ஜனநாயகம்.

திங்கட்கிழமை, "வம்பே வேணாம், எல்லாத்தையும் அரசாங்கப் பத்திரத்துல போட்டுடலாம்" என்றாள்.

மதியத்துக்குள் மிஷின் பிரிவு இளசுகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, விலைவாசி ஏறுற வேகத்துக்கு, நாங்க ரிடையர் ஆகறப்போ அந்தப் பணத்துல நம்ம சோப்பே ஒண்ணு வாங்க முடியாது!"

நியாயமாகத்தான் பட்டது. செவ்வாய்க்கிழமை, "சரி, முக்கால்வாசியைப் பங்குச் சந்தையில போடலாம், வளரட்டும்" என்றாள்.

ஓய்வுபெற்றவர்கள் கேட்டில் வந்து நின்றார்கள்.

"சந்தை படுத்துட்டா எங்க மாத்திரைக்கு உங்க வீட்டுலேருந்தா பணம் வரும்?"

அதுவும் நியாயம். புதன்கிழமை சரிபாதி என்றாள். ஆலை வரலாற்றில் முதன்முறையாக இளசும் பெருசும் ஒன்றாகத் திரண்டு வந்து அவளைத் திட்டினார்கள்.

வியாழன் காலை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க பயத்தைக் கொண்டுவந்து என் தலையில கொட்டறாங்கம்மா."

அப்பா போன பிறகு அவளோடு இருக்கும் அம்மா, தட்டைத் திரும்ப நகர்த்தி வைத்தாள்.

"ரிடையர் ஆனவங்க சங்கத் தலைவர் அந்தப் பழைய ஃபோர்மேன்தானே? அவரைப் போய்ப் பாரு. தங்கமான மனுஷன்."

பாதுகாப்பு எழுபது, வளர்ச்சி முப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு சாயங்காலமே போனாள். பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கேட்டில் கூட்டம் கலைந்துவிடும். இளசுகளை எப்படியாவது தாஜா செய்துகொள்ளலாம்.

ஃபோர்மேனுக்கு அறுபத்தெட்டு வயது. மனைவி இறந்தபின் தனிக்கட்டை. வேலையில் இருந்த காலத்தில், கொதிகலன் பக்கம் போகிறவர்களை மூன்று முறை எச்சரித்த பிறகுதான் விடுவார். அப்பேர்ப்பட்டவர் கண்ணாடியை மாட்டித் தாளைப் படித்தார், பேனாவை எடுத்தார், எழுபதை முப்பதாக்கினார், முப்பதை எழுபதாக்கினார்.

"சார்! மாத்திப் போட்டுட்டீங்க."

"தெரிஞ்சுதாம்மா போட்டேன். நிதி வளரணும்."

"இந்த வயசுல ரிஸ்க் எதுக்கு சார்? உங்க ஆளுங்களே என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"இன்னும் முப்பது வருஷத்துக்குப் பென்ஷன் வர வேணாமா?"

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு.

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும் சார். ஆனா..."

"எனக்கு இல்லம்மா. எனக்கப்புறம் பாதிப் பென்ஷன் சம்சாரத்துக்குப் போகும்ல?"

பாவம், தனிமை மனிதரை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டதே! குரலை இறக்கி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"சார், அவங்க காலமாகி ஒன்பது வருஷம் ஆச்சே..."

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கம்மா இன்னும் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"