அறுபதைத் தாண்டாத வீரன்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலம் திங்கட்கிழமை மேலாளர் உன் விளையாட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்பதால், இப்போது விசாரிக்கவில்லை.

நீ உருவாக்கும் வீடியோ கேமில் வரும் வீரன் வாள் பிடித்த மரக்கட்டையாக இருக்கிறான், காதல் வந்தால்தான் மனுஷனாவான், உன் அலுவலகத்தில் ஒருவருக்கும் கல்யாணமாகவில்லை, அதனால் கொல்லுப்பட்டறை நடத்தும் அந்தப் பெண்ணிடம் அவன் பேசுவதற்கும் செய்வதற்கும் நீங்களே மதிப்பெண் போடுங்கள், எண்பது வந்தால் அவள் மனம் இரங்கி அரக்கனின் கோட்டைக்குச் சாவி செய்து தருவாள் என்றாய். முப்பத்தெட்டு வருடம் விடைத்தாள் திருத்திய கை, போட்டேன். ‘உன் கண்கள் நிலவு’ என்றதற்கு இரண்டு. எல்லாரும் எழுதுகிற விடை. அவள் உயிரைக் காப்பாற்றினான், சரி. ஆனால் கதவை உடைத்துக்கொண்டு வந்ததால் பாதிதான். நேற்று நீ போனில், “ஒன்பது பேர் விளையாடிட்டாங்கப்பா, ஒருத்தர்கூட அறுபதைத் தாண்டல. வீரன் மூணு நாளா பட்டறை வாசல்லயே நிக்கிறான், கோட்டையில அரக்கன் சும்மா உக்காந்திருக்கான். நீங்க போட்ட மார்க்கைத் திருத்த எனக்குக் கை வரல” என்று அழாத குறையாகச் சொன்னாய். நான் யாருக்கும் அறுபதுக்கு மேல் போட்டதில்லை. நீயும் என் வகுப்பில் படித்தவள்தானே.

நான் போட்ட மதிப்பெண் பட்டியலை அம்மா வாங்கிப் பார்த்தாள். “அவ நாள் பூரா நெருப்பு முன்னாடி நிக்கிறா. இவன் ஒரு டம்ளர் தண்ணி குடுத்தானா?”

அப்படி ஒரு கேள்வியே வினாத்தாளில் இல்லை என்றேன்.

“அதைத்தான் சொல்றேன். நீங்க முதல் நாள் வேலைக்குக் கிளம்பறப்ப, கிளாஸ் பசங்களை நினைச்சா பயமா இருக்குன்னு என்கிட்ட மட்டும் சொன்னீங்க. அன்னிக்கு உங்களுக்கு எண்பது போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அதுலேருந்து கழிச்சுக்கிட்டே வரேன்.”

எனவே புதிதாக எழுதிவிட்டேன். வாசலில் சும்மா நிற்பதற்குப் பதில் வீரன் துருத்தி ஊதட்டும், தண்ணீர் கொண்டுவரட்டும், கையைச் சுட்டுக்கொள்ளட்டும். ஊரே அவனை நம்பியிருக்க, அரக்கனை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் மட்டும் சொல்லட்டும். அதற்கு இருபது. மொத்தம் சரியாக எண்பது. பட்டியலை இணைத்திருக்கிறேன், தைரியமாகக் காட்டு. எல்லாம் நல்லபடியாக முடிய எங்கள் இருவரின் ஆசியும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்முன் ஒருமுறை சரிபார்த்தேன். பயத்தை முதல் நாளே சொல்லாமல் மூன்று நாள் தாமதித்ததற்கு இரண்டு கழித்ததில், எழுபத்தெட்டாகிவிட்டது. என் கையால் கூட்டிப் போட மனசு வரவில்லை. மீதி இரண்டை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோகிறேன்.