அடுப்போரம் குளிர்காய்ந்த லேப்டாப்

லேப்டாப்பை யாராவது கம்பளியில் சுற்றி அடுப்போரம் உட்கார வைப்பார்களா? நான் வைத்தேன். அதுவும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையால்.

எண்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஒரு மிஷன் மருந்தகத்தில் எனக்குக் கிளார்க் வேலை. எங்கள் டாக்டரம்மாவுக்கு வெளிநாட்டுத் தம்பி ஒரு லேப்டாப் அனுப்பியிருந்தார். பேருக்குத்தான் மடியில் வைக்கும் பெட்டி. வைத்தால் கால் மரத்துப்போகும். இந்த மலையிலேயே அதைத் தொடத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்று நானாகவே முடிவுசெய்து, ஒரு மாதமாகத் தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தேன்.

கவுஞ்சி என்ற மலைக்கிராமத்தில் கண் முகாம். புரை விழுந்தவர்களின் பெயரை டாக்டரம்மா துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்; நான் பெட்டியில் ஏற்ற வேண்டும். பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் மறுநாள் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். விட்டால் அடுத்த வருஷம்தான்.

கடைசியாக வந்தவர் மாடசாமி தாத்தா. எழுபது வயசு. இரண்டு கண்ணும் வெளுத்துப்போய், பூண்டுப் பாத்தியில் கையால் தடவித் தடவிக் களையெடுப்பவர்.

"ஏத்தா, எம்பேரு ஏறிருச்சா?"

"இந்தா ஏத்துறேன் தாத்தா."

முப்பத்திரண்டு என்று எண்ணைப் போட்டேன். பெட்டி 'கீங்' என்று கத்தியது. ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்றது. ஊரில் கரண்ட் போய் இரண்டு நாளாகியிருந்தது. டாக்டரம்மாவோ நடக்க முடியாத ஒருவரைப் பார்க்க அவர் வீட்டுக்கே போயிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியிடமே கெஞ்சிப் பார்க்கலாம் என்று தோன்றியது. (அதற்கு இங்கிலீஷ்தானே தெரியும்?) 'ப்ளீஸ் டு நாட் டை' என்று அடித்தேன்.

அது மதிக்கவில்லை. மறுபடியும் கத்தியது.

எங்கள் வீட்டு ரேடியோ முனக ஆரம்பித்தால் அப்பா பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைப்பார். மத்தியானம் ரேடியோ மறுபடி பாடும். பேட்டரிக்குச் சூடு நல்லது என்பது எங்கள் குடும்ப விஞ்ஞானம். ஆனால் அன்று எதிர்வீடு தெரியாத மேகமூட்டம், வெயிலுக்கு எங்கே போவேன்? அடுப்பு இருக்கிறதே! முகாம் நடந்த பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் விறகு ஈரமாகக் கிடந்தது. பற்றவைக்கக் காகிதம் வேண்டும். எல்லாப் பெயரும்தான் பெட்டியில் ஏறிவிட்டதே என்று சீட்டுக்கட்டை மொத்தமாக அடுப்பில் போட்டேன். பிள்ளை பெற்றவளை உட்கார வைப்பதுபோல பெட்டியைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்தேன்.

சீட்டுகள் சாம்பலாகவும் திரை இருளவும் சரியாக இருந்தது.

"ஏம்மா ஸ்டெல்லா, லேப்டாப்புக்கு என்ன குளிரா?" என்று கேட்டபடி டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"ஆமா மேடம்" என்றேன். (பாவி, அப்போதும் பதில் சொன்னேனே!)

"சீட்டெல்லாம் எங்க?"

அடுப்பைக் காட்டினேன். அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "முப்பத்திரண்டு பேரும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜீப்பில் கொடைக்கானல் வரும்வரை எனக்குத் தெரிந்த புனிதர் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். மருந்தகத்தில் கரண்ட் இருந்தது. டாக்டரம்மா ஒயரைச் செருகி சுவிட்சைத் தட்டினார். திரை விழித்தது. ஒரு பெயர் குறையவில்லை, ஒரு எழுத்து கலையவில்லை. என் கெஞ்சலுக்குப் பின்னால் கர்சர் என்கிற சின்னக் கோடு விட்ட இடத்திலேயே சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அணையப் போறது அதுக்கே தெரியும்மா. வெளிச்சத்தையெல்லாம் நிறுத்திட்டு, மிச்சம் கெடக்குற துளி சார்ஜை ஞாபகத்துக்குன்னு ஒதுக்கி வச்சிரும்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை கவுஞ்சிக்காரர்களையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது, அதுவும் நான் அடுப்பில் வாட்டிய வாட்டில்! எத்தனையோ அதிசயம் பார்த்துவிட்டேன், அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடில்லை. கும்பிட்டேவிட்டேன்.

"அந்தக் கடைசி வரிய அழிச்சிட்டு பிரிண்ட் எடு. முப்பத்திரண்டு பேருதான?"

"ஆமா மேடம்." திரையில் கடைசி எண் முப்பத்திரண்டுதானே!

என் கெஞ்சலைக்கூடப் பத்திரப்படுத்தியிருந்த பெட்டியில் அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. (கும்பிட்ட கையோடு மறந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.)

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முப்பத்தோரு பேர் உள்ளே போனார்கள். அடுத்த வரிக்கு வந்ததும் நர்ஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ப்ளீஸ் டு நாட் டை... யாருங்க அது?"

எனக்கு உயிர் போய்விட்டது. பெஞ்சில் மிச்சமிருந்தவர் மாடசாமி தாத்தா மட்டும்தான். அவர் பெயரை நான் ஏற்றவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நாந்தேன் தாயி."

"இதா உங்க பேரு?"

"இங்கிலீசுல அப்புடித்தேன் போல."

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரேதாங்க, சேத்துக்கங்க" என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொரலக் கேட்டு பெரிய ஆளுன்னுல நெனச்சேன், இத்துணூண்டு இருக்க! ஆமா, அந்தப் பேருக்கு என்னத்தா அர்த்தம்?"

"தயவுசெஞ்சு செத்துராதீங்கன்னு அர்த்தம் தாத்தா."

"சரித்தா" என்றார், பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கச் சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல.

இன்றைக்கும் என் போனில் பேட்டரி சிவப்பைத் தொட்டால் போதும், "அம்மா, கம்பளி கொண்டாரவா?" என்பாள் மகள், வீடே சிரிக்கும். இந்தக் கதையை அவளுக்குச் சொன்னவர் மாடசாமி தாத்தாதான். தொண்ணூறு தாண்டியும் வருஷம் தவறாமல் பூண்டுப் பையோடு வந்து நின்று, உள்ளே கூப்பிடுவதற்குள் வாசலிலிருந்தே சத்தம் கொடுப்பார்:

"ஏத்தா ஸ்டெல்லா, சொன்ன சொல்லு தவறல. இன்னும் சாகல!"