மஞ்சள் விளக்கு அணைந்த செய்தி

பாசிர் ரிஸ்ஸில் நலத்தோடு குடியிருக்கும் மாப்பிள்ளை அருண்ராஜ் அவர்களுக்கு, புக்கிட் மேராவிலிருந்து மாமனார் வேலாயுதம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார் பூவம்மா, பிக்கப் வண்டி மூவரும் சுகம். கடைசியில் சொன்னவரைப் பற்றியதே இக்கடிதம். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல்பதிவுகளை நீங்கள் இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக மகள் நிரஞ்சனா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் தேக்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும், அதை மரியாதைக்காக உங்களிடம் தெரிவித்ததும், நீங்கள் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கைத்தொலைபேசியைப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போச்சு மாமா. வண்டிக்கும் வயசாச்சு. ஸ்க்ராப்புக்கு அனுப்பிடலாம் லா" என்றதும் நினைவிருக்கும். ஆக்சிஜன் என்றதும் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது போலும் என்று நான் பின்பக்கக் கித்தானைக் கழற்றி, கண்ணாடிகளை இறக்கி, மழையில் நனைந்துகொண்டே ஓட்டினேன். அதற்கு நீங்கள் சிரித்ததை மறக்கவில்லை. அன்றுதான் நம் ஒப்பந்தம். இந்தச் சனிக்கிழமை, பழைய வண்டியை உடைக்க எடுத்துப்போகும் ஸ்க்ராப் ஆளோடு வருவீர்கள். "அதுக்குள்ள அந்த மஞ்சள் விளக்கு கண்ணுல தெரியக் கூடாது மாமா. தெரிஞ்சா வண்டி போயிடும்." இது உங்கள் வார்த்தை, நிரஞ்சனா சாட்சி. நானும் சரி என்றேன். வண்டி போனால் இலை வியாபாரமும் போகும். அப்புறம் நாள் முழுக்க உங்கள் வீட்டு சோபாவில்தான் உட்கார வேண்டியிருக்கும். அது நம் இருவருக்குமே நல்லதல்ல.

ஆகவே பூன் லேயில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் சிநேகிதர் அஹமது கபீரிடம் போனேன். அடக்கம் என்பது அவருக்கு ஆகாத பொருள் என்று உங்களுக்குத் தெரியும். "போன்ல படிச்சா டாக்டரா?" என்று ஆரம்பித்தார். "சென்சார்ங்கிறது புகைக்குழாய்க்குள்ள இருக்கிற மூக்கு அண்ணே. நாத்தம் அடிக்குதுன்னு சொன்ன மூக்கையா அறுப்பீங்க?" அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஒரு திரையைக் காட்டினார். அதுல ஒரு எண்ணு மேலயும் கீழயும் குதிச்சுக்கிட்டே இருக்கணுமாம். நம்ம எண்ணு லீவு நாள்ல படுத்த ஆளு மாதிரி அடியிலேயே கிடந்தது. அவர் காத்து உள்ள போற வழியில கொஞ்சம் கேஸ் அடிச்சார். எண்ணு துள்ளி எழுந்துச்சு. "பாத்தீங்களா, மூக்கு உயிரோடதான் இருக்கு." வண்டிக்கு அடியில படுத்து, புகை வர்ற வாயைத் துணியால அடைக்கச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டார். சென்சாருக்கு முன்னால குழாய் சேர்ற இடத்துல இடுக்கை அடைக்கிற பேக்கிங் கருகி, புஸ்ஸுன்னு சத்தம். அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போகுது. மூக்கு அதைத்தான் காத்து ஜாஸ்தின்னு சொல்லியிருக்கு. "உண்மையைச் சொன்னவனை ஸ்க்ராப் பண்ணச் சொல்றாரே, உங்க மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறாரு?"ன்னு கேட்டார். இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன், பேனா எழுதிடுச்சு. பேக்கிங்கை மாத்தி, விளக்கை அணைச்சுக் கொடுத்தார். "ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாருங்க. மறுபடி எரிஞ்சா மூக்குக்கே வயசாச்சுன்னு அர்த்தம், மாத்திடுவோம்"னு ஒரு வார்த்தையும் சொன்னார்.

ஓட்டிப் பார்த்தாச்சு மாப்பிள்ளை. தேக்காவுக்கு, சிராங்கூன் ரோட்டுக்கு, எக்ஸ்பிரஸ்வேயில, மேட்டுல, மழையில, எல்லாம் ஓட்டிப் பார்த்தாச்சு. விளக்கு இருந்த இடம் அமாவாசை மாதிரி இருக்கு. உங்க கருவிக்குக் குத்தவாளி பேரைப் படிக்கத் தெரியுது, விசாரிக்கத் தெரியல. சனிக்கிழமை ஸ்க்ராப் ஆளு வந்தா அவருக்கும் சேர்த்து இலை போடுறோம். சாவி மட்டும் கிடையாது.

தங்கள் வீட்டில் எந்த விளக்கும் அணையாமலும், வண்டியில் எந்த விளக்கும் எரியாமலும் இருக்க முருகப்பெருமான் துணை நிற்கட்டும். நிரஞ்சனாவுக்கு எங்கள் ஆசிகள்.

மாறாத அன்போடும் மாற்றாத வண்டியோடும்,
வேலாயுதம்

பி.கு.: தபால்தலை பிக்கப்பில் இருந்தது. எடுக்கப் போனவன் டேஷ்போர்டையும் துடைத்தேன். துணியோடு ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வந்தது. எஞ்சினைக் கிளப்பினால், பொட்டு இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு நின்று எரிகிறது. பூவம்மாவைக் கேட்டேன். "நல்லா ஓடுற வண்டி, கண்ணு பட்டுடக் கூடாதுன்னு திருஷ்டிப் பொட்டு வச்சேன்" என்றாள். "அந்த இடத்துலயா?" என்றேன். "அங்கதாங்க பளிச்சுன்னு தெரிஞ்சுது." கபீருக்குப் போன் அடித்தேன். மூக்கு நிஜமாகவே போய்விட்டதாம். புதுசு அடுத்த வாரம்தான் வருமாம். உங்கள் கருவி சொன்னது சரி. இதை இந்தப் பி.கு.வில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், நிரஞ்சனாவிடம் காட்ட வேண்டாம். மற்றபடி, விளக்கு தெரியக் கூடாது என்பதுதான் உங்கள் வார்த்தை. எரியக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. பொட்டை அதே இடத்தில் அழுத்தி ஒட்டிவிட்டேன். தெரியவில்லை. சனிக்கிழமை சாப்பிட வாருங்கள்.