கட்டிலுக்கும் பலகைக்கும் ஏழு அடி

ஏழு ஆறுகளும் எழுபது அமைச்சர்களும் உள்ள மரகதபுரியில் ஆறுகள் வற்றியதுண்டு, அமைச்சர்கள் வற்றியதில்லை. அந்த நாட்டின் தலைநகரில், செக்கடித் தெருவில், பூவாயி என்றொரு பெண் தன் வீட்டு ஜன்னல் வழியாக உப்பு, புளி, தீப்பெட்டி, கறிவேப்பிலை விற்று வந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று வயிறும் அந்த ஜன்னலை நம்பித்தான் இருந்தன.

ஒரு நாள் முரசு அதிர்ந்தது. மாமன்னர் மகுடசேகரர் குடிமக்கள் மேல் கொண்ட கருணையால், இனி யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சிறுகடை வைத்துக்கொள்ளலாம், அனுமதி ஒன்று வாங்கினால் போதும் என்றார்கள். அதுவரை அது குற்றம் என்பதே யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஊர் துள்ளிக் குதித்தது. வெடி வெடித்தார்கள். பூவாயி ஜாடியில் இருந்த கடலை மிட்டாயை எல்லாம் வாரிக் கொடுத்தாள். அதே தெருவில் குடியிருந்த எனக்கும் ஒன்று கிடைத்தது. நானும் வாழ்க என்றுதான் கத்தினேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. மறுநாளே அனுமதித் துறைத் தலைவர் நெறியானந்தர், அளவு நாடாவும் மூன்று எழுத்தர்களுமாக வந்து ஜன்னலை அளந்தார். வாங்குபவரின் கை மட்டுமே உள்ளே வருகிறது, உடம்பு தெருவில் நிற்கிறது, ஆகவே இது வீட்டுக்கடை ஆகாது, தெருக்கடை என்று தீர்ப்புச் சொன்னார். பூவாயி காதுத் தோட்டை விற்று, ஜன்னல் சுவரை இடித்துக் கதவு வைத்தாள். அரசாங்கமே வீடு தேடி வருகிறதே என்று தெருவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டாம் விதி வந்தது. வீட்டுக்கடை என்றால் அது வீடாகவும் இருக்க வேண்டும், கடையாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்கு அடையாளம் கட்டில், கடைக்கு அடையாளம் விற்பனைப் பலகை. இரண்டும் ஒட்டாதபடி நடுவே ஏழு அடி விட வேண்டும். பூவாயியின் வீடே எட்டு அடிதான். அவள் யோசித்துப் பார்த்துக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டாள்.

"வெறுந்தரையில படுத்துக்கறோமுங்க. கட்டில் இல்லாட்டி தூக்கமா வராது?" என்றாள்.

நெறியானந்தர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கட்டில் இல்லாத இடம் வீடு ஆகாது, அம்மணி. வீடே இல்லாத இடத்தில் வீட்டுக்கடை எப்படி இருக்க முடியும்?"

புதுக் கதவுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. குடும்பம் பின்வாசல் வழியாகப் போய் வரலாம் என்று பெருந்தன்மையோடு ஒரு சலுகையும் தந்தார்.

ஆறு மாதத்தில் நாற்பதாயிரம் விண்ணப்பங்கள் குவிந்தன. வணிகம் கொழிக்கிறது என்று முரசறைந்தார்கள். ஒரு பிடி உப்புக்கும் ஜனங்கள் கடைவீதிவரை நடந்தார்கள். அங்கே சீமான் தனகோடியாரின் ஏழு மாடி அங்காடி இருந்தது. வீட்டுக்கடைக்கான முதல் அனுமதியும் அவருக்குத்தான் கிடைத்தது. அதில் குற்றம் காண முடியாது. நான்காம் மாடியில் அவர் ஒரு கட்டில் போட்டிருந்தார். அதற்கும் விற்பனைப் பலகைக்கும் எழுபது அடி இருந்தது. நெறியானந்தர் அளந்து பார்த்துக் கண் கலங்கினார். கட்டிலில் குடியிருக்க ஒரு ஆள்தான் குறை. பட்டினி கிடந்த பூவாயியைக் கூலிக்கு அழைத்தார்கள். பிள்ளைகளையும் கூட்டி வந்தால் வீடு இன்னும் வீடு மாதிரி இருக்கும் என்று அதிகாரியே யோசனை சொன்னார்.

அந்த வீட்டுக்கடையின் திறப்பு விழாவுக்கு மாமன்னர் வந்தார். மேளம் முழங்கியது, பூ கொட்டியது. எங்கள் தெருப் பெண் மன்னர் கையால் மாலை வாங்குகிறாள் என்று செக்கடித் தெருவே திரண்டு போய்க் கால் தரையில் பாவாமல் நின்றது.

மாலையைப் போட்டுவிட்டு மன்னர் கேட்டார். "எம் ஆட்சியில் வீட்டுக்கடை நடத்துவது சிரமமாக இருக்கிறதா, மகளே?"

பூவாயி கட்டிலை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் அனுமதி செல்லாது.

"ஒரு செரமமும் இல்லீங்க மகாராசா. சும்மா படுத்துக் கெடந்தா போதுமுங்க."

மன்னர் பூரித்துப் போனார். கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் தட்டினார்கள் என்று நானும் தட்டினேன். அந்தப் பொன்மொழியைக் கல்லில் வெட்டி எல்லாத் தெருவிலும் நடும்படி ஆணை பிறந்தது. மறுநாள் பொழுது விடிவதற்குள் எங்கள் தெரு நடுவிலும் ஒன்று நட்டுவிட்டார்கள். அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.